பாரம் ஏறிய வண்டியின் குரல்

என் அம்மா பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நான் பிறந்து வளர்ந்தது ராஜபாளையம். இரண்டுக்கும் நடுவே ரயிலில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர்தான். எழுபதுகளின் கடைசியில், அரைப்பரீட்சை முடிந்து லீவு விட்டதும் ஆச்சி வீட்டுக்குப் போய்விடுவோம். மார்கழி மாதம். விடியும் முன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை எழுந்துவிடும். அது ஓய்ந்து தெரு சற்று அமைதியாகும் நேரத்தில் ஸ்டேஷன் பக்கமிருந்து இன்னொரு சத்தம் கிளம்பும். முதலில் கனமாக ஓர் இரைச்சல். பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி ஓர் இரைச்சல். மூன்றாவதோ நான்காவதோ வருவதற்குள் எல்லாம் குழம்பி, சடசடவென்று சரவெடிபோலப் பொரிந்து, பட்டென்று அடங்கிவிடும். கூட்ஸ் வண்டி ஒன்று கிளம்ப முடியாமல் நிற்கிறது என்று பாயில் படுத்தபடியே தெரிந்துகொள்வோம்.

மாமா மதுரை ஷெட்டில் ஃபயர்மேன். ஓய்வு நாளில் வந்திருந்தால் போர்வைக்குள் இருந்தே விளக்கம் சொல்வார். "பனி விழுந்திருக்கு மாப்ள. தண்டவாளம் ஈரம். சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துது. இப்ப மணல் விடுவாங்க, கேளு." எஞ்சினில் மணல் பெட்டி உண்டு. அங்கிருந்து இறங்கும் குழாய் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் மணலைத் தூவும். சொன்னபடியே சற்று நேரத்தில் சத்தம் மறுபடி தொடங்கும். இந்த முறை ஒவ்வொன்றாக, நிதானமாக, இடறாமல் வரும். வண்டி ஊரைத் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். பாசஞ்சர் வண்டி போகும்போது ஏன் இந்தச் சத்தம் வருவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். "அது லேசு. இது லோடு. லோடு இருந்தாத்தான் எஞ்சின் வாயத் தொறக்கும்" என்றார்.

அது அவர் தொழிலில் சாதாரணமான வார்த்தை. எனக்கோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மனதில் தங்கிவிட்டது. நீராவி எஞ்சின்களைக் காப்பாற்றி ஓட்டுவதைப் பற்றி உலகம் முழுக்க ஆர்வலர்கள் பேசுகிறார்கள். நம் நாட்டிலும் சில எஞ்சின்கள் காப்பாற்றப்பட்டு ஓடுகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் ஒரு குறையும் சேர்ந்தே வருகின்றன. எஞ்சினைக் காப்பாற்றிவிட்டோம். அது இழுத்த பாரத்தைக் காப்பாற்றவில்லை.

மாமா சொன்னதன் பொருளை முழுமையாகப் புரிந்துகொள்ள எஞ்சினின் வயிற்றுக்குள் போக வேண்டும். சாதாரண நீராவி எஞ்சினுக்கு இடமும் வலமுமாக இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் உந்துதண்டை முன்னிருந்து ஒரு முறையும் பின்னிருந்து ஒரு முறையும் ஆவி தள்ளுகிறது. ஆகச் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நான்கு முறை வேலை முடிந்த ஆவி வெளியேறுகிறது. நாம் கேட்கும் 'குப்குப்' அதுதான். அந்த ஆவி நேராக வெளியே போய்விடுவதில்லை. புகைபோக்கிக்குக் கீழே ஒரு குறுகிய குழாய் வழியாக மேல்நோக்கிப் பீறிடுகிறது. பீறிடும்போது கொதிகலன் குழாய்களில் இருக்கும் சூடான காற்றையும் தன்னோடு இழுத்துப் போகிறது. அந்த இழுப்பில் அடுப்புக்குள் புதுக்காற்று புகுந்து கரி கனல்கிறது.

இதில் ஓர் அழகு இருக்கிறது. பாரம் கூடினால் ஆவி அதிகம் செலவாகும். ஆவி அதிகம் போனால் புகைபோக்கியின் இழுப்பு கூடும். இழுப்பு கூடினால் நெருப்பு தானாகவே கொழுந்துவிடும். நெருப்பு கூடினால் மறுபடி ஆவி. தன்னை எரிக்கத் தேவையான காற்றை எஞ்சின் தன் உழைப்பினாலேயே ஊதிக்கொள்கிறது. யாரும் தனியாகத் துருத்தி ஊத வேண்டியதில்லை. பாரம் இல்லாமல் ஓடும் எஞ்சினில் நெருப்பு சோம்பிக் கிடக்கும், குரலும் மெலிந்திருக்கும். லோடு இருந்தால்தான் வாய் திறக்கும் என்பது கவிதை இல்லை, எஞ்சினின் அமைப்பே அப்படித்தான்.

எங்கள் பாதையில் ஓடிய மீட்டர் கேஜ் எஞ்சின்களில் எனக்குத் தெரிந்தவை இரண்டு வகை. ஒய்.பி. பயணிகள் வண்டிக்கு. ஒய்.ஜி. சரக்கு வண்டிக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய மீட்டர் கேஜ் பாதைகளுக்கென்று வகுக்கப்பட்டவை இவை. சில வெளிநாடுகளிலிருந்து வந்தன. ஏராளமானவை ஜாம்ஷெட்பூர் டெல்கோவில் உருவாயின. ஒய்.பி. மொத்தம் 871, ஒய்.ஜி. 1,074. சித்தரஞ்சன் தொழிற்சாலை கட்டிய கடைசி நீராவி எஞ்சின் 1972-இல் வெளிவந்தது. அது ஒரு ஒய்.ஜி. சரக்கு எஞ்சின்.

இரண்டுக்கும் கொதிகலன் ஒன்றுதான். அடுப்பு ஒன்று, ஆவியின் அழுத்தம் ஒன்று. கால்கள்தான் வேறு. ஒய்.பி.க்கு 1,372 மில்லிமீட்டர் விட்டமுள்ள உயரச் சக்கரங்கள் பக்கத்துக்கு மூன்று. ஒய்.ஜி.க்கு 1,219 மில்லிமீட்டரில் குட்டைச் சக்கரங்கள் பக்கத்துக்கு நான்கு. உயரச் சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், ஆகவே ஓடும். குட்டைச் சக்கரம் ஒரு சுற்றில் குறைந்த தூரமே போகும், ஆகவே இழுக்கும். ஒரே நெஞ்சுள்ள இரண்டு மாடுகளில் ஒன்றை வில்வண்டியிலும் ஒன்றைப் பார வண்டியிலும் பூட்டியதுபோல. 1,219 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 261 சுற்று சுற்ற வேண்டும். சுற்றுக்கு நான்கு வீதம், கிலோமீட்டருக்கு ஆயிரத்துச் சொச்சம் குப்குப். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பிய கூட்ஸ் வண்டி ராஜபாளையம் வந்து சேர்வதற்குள் சக்கரங்கள் பதினோராயிரம் இரைச்சலுக்கு மேல் சுற்றிவிடும். கிளம்பும்போது அவற்றை ஒவ்வொன்றாக எண்ணலாம். வேகம் பிடித்ததும் எண்ண முடியாது.

விருதுநகர் – தென்காசி பாதை 1927-இல் திறக்கப்பட்டது. தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி போட்டது. தென்காசிக்கு அப்பால் செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லம் போகும் பாதை அதற்கு முன்பே, 1904-இல் வந்துவிட்டது. ஆக, திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் என்று வரிசையாக நின்ற இந்தக் கரிசல் ஊர்களுக்குக் கிழக்கே துறைமுக நாடும் மேற்கே மலைநாடும் ஒரே நேரத்தில் கைக்கெட்டின. பாதை வந்து ஒன்பது ஆண்டுகளில், 1936-இல், பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். மில் வர ரயில் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியூர்ப் பருத்தியும் இயந்திரமும் வந்து சேரவும் நூல் வெளியே போகவும் வழியில்லாத ஊரில் மில் வைக்க யாரும் துணிவதில்லை.

ராஜபாளையம் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தைவிடக் கூட்ஸ் ஷெட்தான் எங்களுக்குப் பிடித்த இடம். பஞ்சுப் பொதி ஒன்று 170 கிலோ. இரும்புப் பட்டை கட்டி, சாக்கு சுற்றி, கல்போல இறுகியிருக்கும். அதை ஒரு ஆள் கொக்கி மாட்டி, முட்டியால் ஒரு தள்ளு தள்ளிப் புரட்டுவார். பொதி தானாக நடப்பதுபோல வேகன் வாசல்வரை வரும். உள்ளே அடுக்கி முடித்ததும் இரும்புக் கதவை இழுத்துச் சாத்துவார்கள். தாழ்ப்பாளில் கம்பியைக் கோத்து, ஒரு ஈயக் காசை வைத்து, இடுக்கியால் நசுக்கி முத்திரை போடுவார்கள். பக்கத்திலிருக்கும் சட்டத்தில் ஒரு அட்டை செருகப்படும். எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு என்று அதில் எழுதியிருக்கும். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தூரத்து ஊர்ப்பெயர்கள் அந்த அட்டைகளில் இருந்தவைதான். புத்தகத்தில் படித்த ஊர்கள் மறந்துபோயின. இவை மறக்கவில்லை.

வண்டியின் வால்பக்கம் கார்டு வண்டி. பயணிகள் ரயில் கார்டுக்கு இருக்கும் கௌரவம் கூட்ஸ் கார்டுக்கு இல்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு கைவிளக்கு, தண்ணீர்க்கூஜா, சோற்றுத் தூக்கு. எப்போது கிளம்புவோம் எப்போது சேருவோம் என்று அவருக்கே தெரியாது. எக்ஸ்பிரஸ் வந்தால் ஒதுங்க வேண்டும், பாசஞ்சர் வந்தாலும் ஒதுங்க வேண்டும். கைகாட்டி மரம் இறங்கும்வரை ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனின் வேப்பமரத்தடியில் காத்திருக்க வேண்டும். இறக்கத்தில் வண்டி முன்னால் முண்டும்போது அவர் கைப்பிரேக் சக்கரத்தைச் சுற்றிப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆடிப்பூரத் தேரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்களின் வேலையும் அதேதான். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். முட்டுக்கட்டை போடுபவர்கள் சிலர். தேர் திரும்புவதும் நிற்பதும் அந்தச் சிலர் கையில்.

இப்போது நம் நாட்டில் காப்பாற்றப்பட்டவற்றைப் பார்க்கலாம். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் கட்டப்பட்ட 'ஃபேரி குவீன்' 1997-இல் மீண்டும் ஓடத் தொடங்கி, ஓடும் எஞ்சின்களிலேயே மிகப் பழையது என்று உலகப் புகழ் பெற்றது. அதே ஆண்டில் அதே நகரத்தில் பிறந்த அதன் உடன்பிறப்பு 'எக்ஸ்பிரஸ்' நம் சென்னைப் பெரம்பூர்த் தொழிலாளர்கள் கையில் 2010-இல் உயிர்பெற்றது. ஹரியானாவில் ரேவாரி ஷெட் ஒரு நீராவி அருங்காட்சியகமாகவே இயங்குகிறது. நீலகிரி மலை ரயில் 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் பல்சக்கர எஞ்சின்கள் முன்பு சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. பின்னாளில் பொன்மலைப் பணிமனையே அதற்குப் புது எஞ்சின்கள் கட்டித் தந்தது. நீராவிக் காலம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து ஒரு தமிழ்நாட்டுப் பணிமனை நீராவி எஞ்சினைப் புதிதாகச் செய்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் கவனியுங்கள். இவை எல்லாமே மக்களை ஏற்றும் வண்டிகள். பளபளக்கும் வண்ணம், மெத்தை இருக்கை, ஜன்னலோரப் படம். இந்த எஞ்சின்களுக்குப் பின்னால் கோக்கப்படுவது உல்லாசம். அதில் தவறில்லை. டிக்கெட் விற்றால்தான் கரி வாங்க முடியும். ஆயினும் இதையே பார்த்து வளரும் ஒரு பிள்ளை, ரயில் என்றால் ஆட்களைச் சுற்றிக் காட்டுவதற்காக வந்தது என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

நடந்தது அதற்கு நேர்மாறு. இந்தியாவில் முதன்முதலில் தண்டவாளம் போட்டது நம் சென்னையில். ஆண்டு 1837. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைவரை, ஆர்தர் காட்டனின் முயற்சியில். ஏறிப்போனது மனிதர் இல்லை, ரோடு போடும் கல். பெரும்பாலும் விலங்குகளே இழுத்தாலும் நீராவி எஞ்சினும் அங்கே ஓட்டிப் பார்க்கப்பட்டது. 1851-இல் ரூர்க்கியில் கங்கைக் கால்வாய்க்கான சோலானி நீர்ப்பாலம் கட்டும்போது 'தாமசன்' என்ற எஞ்சின் ஓடியது. அது சுமந்தது மண். பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ரயில் போனது அதற்கும் பிறகு, 1853-இல். நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா போனது 1856-இல். கல்லும் மண்ணும் முந்திப் போனபிறகுதான் மனிதன் ஏறினான். கடல் கடந்து பார்த்தாலும் இதே கதை. இலங்கையில் கண்டிக்கு 1867-இல் பாதை போனது மலைத்தோட்டத்துக் காப்பிக் கொட்டையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. அந்தத் தோட்டங்களில் உழைக்கப் போனவர்கள் நம் ஊர்களிலிருந்து போன தமிழர்கள்.

சரக்கு வண்டியின் நினைவைக் காப்பவர்கள் உலகில் இல்லாமல் இல்லை. வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற சிறு பாதை கூரைப் பலகைக்கல் ஏற்றுவதற்காகப் போடப்பட்டது. கைவிடப்படும் நிலையில் 1951-இல் ஊர் உலகத்து ஆர்வலர்கள் சேர்ந்து சம்பளமில்லாமல் அதை எடுத்து நடத்தினார்கள். இன்று உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வ ரயில் இயக்கத்துக்கு அதுதான் தாய்வீடு. பக்கத்திலிருக்கும் ஃபெஸ்டினியோக் பாதையில் எஞ்சினே இல்லாத கல் வண்டிகளை இறக்கத்தில் உருட்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் செய்ததுபோலவே ஆட்கள் வேகன்மேல் உட்கார்ந்து கைப்பிரேக்கால் கட்டுப்படுத்திக்கொண்டு இறங்குகிறார்கள். இங்கிலாந்தில் லஃப்பரோவின் கிரேட் சென்ட்ரல் பாதையில் பழைய 16 டன் இரும்புக் கரி வேகன்களை ஒரு முழு வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு ரயில் பத்திரிகையின் வாசகர்கள் பணம் போட்டு, உடைக்கப் போகவிருந்த வேகன்களை ஒவ்வொன்றாக மீட்டார்கள். நீராவி எஞ்சின் அவற்றை இழுத்துப் போகும் நாளில் வயல்வரப்பில் காமிராவோடு மணிக்கணக்கில் காத்து நிற்கிறார்கள். சீனாவில் ஜிதோங் பாதையில் இரட்டை எஞ்சின் பூட்டிய கூட்ஸ் வண்டிகள் 2005 டிசம்பர்வரை மலை ஏறின. அதைக் கேட்பதற்காகவே பனியில் நிற்கப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் போனார்கள்.

இப்படிச் சொல்லும்போது நியாயமான ஒரு கேள்வி எழும். அந்த வேகன்களில் இப்போது சரக்கு இல்லை. காலி வேகனை இழுத்துக்கொண்டு எங்கேயும் போய்ச் சேராத வண்டி ஒரு நாடகம் இல்லையா? இதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் எங்கள் ஊர்த் தேரிலேயே இருந்தது. தேரில் சரக்கு இல்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது. ஆனாலும் அதன் பாரம் பொய்யில்லை. வடத்தைப் பிடிப்பவன் தோள் நிஜமாகவே வலிக்கிறது. ஊர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பாரத்தை நகர்த்தத் தெரிந்திருந்தது என்பதை ஆண்டுக்கு ஒருநாள் உடம்பாலேயே அறிந்துகொள்கிறது. கொட்டகைக்குள் பூட்டிவைத்த தேருக்கும் நான்கு வீதியில் உருளும் தேருக்கும் மரம் ஒன்றுதான். ஓடும்போதுதான் அது தேர். சரக்கு வண்டியும் அப்படித்தான். வேகன் காலியாகவே இருந்தாலும் இரும்பின் கனம் இருக்கிறது. அந்தக் கனம் எஞ்சினின் வாயைத் திறக்கிறது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. அந்த உழைப்பு இனிமையானதா, ஏங்குவதற்கு? இல்லை. மாமாவின் முன்கையில் தீப்பட்ட வடுக்கள் இருந்தன. அடுப்பு வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முகத்தில் அனல் அடிக்கும். அதற்குள் கரியை மெல்லிய படுக்கையாக, மூலைகளில் சற்றுக் கூடுதலாக, வீசிப் பரப்ப வேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் கரும்புகை கிளம்பும். கரும்புகை என்றால் எரியாமல் போகும் கரி, ஃபயர்மேனுக்கு அவமானம். அரை மணி நேரம் கழித்து ஆவி எவ்வளவு தேவைப்படும் என்று இப்போதே கணக்குப் பண்ண வேண்டும். ஒரு நடைக்கு டன் கணக்கில் கரி அவர்கள் தோள் வழியாகத்தான் அடுப்புக்குப் போனது. பொன்மலையில் 1946 செப்டம்பர் 5 அன்று உரிமை கேட்டு நின்ற தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து ஐந்து பேர் உயிர் போனது. நீராவிக் காலத்தை நினைவுகூர்கிறவர்கள் இதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அந்த உழைப்புக்குப் பெயரும் சாட்சியும் இல்லாமல் போய்விடக் கூடாது என்றுதான் விரும்புகிறேன். பயணிகள் பெட்டி மட்டும் பூட்டிய பழைய எஞ்சின் வேகத்துக்குச் சாட்சி. சரக்கு வண்டி உழைப்புக்குச் சாட்சி.

எங்கள் ஊர்களில் கூட்ஸ் வண்டி நீராவியோடு சேர்ந்து சாகவில்லை. அதற்கு முன்பே நோய்ப்பட்டுவிட்டது. எண்பதுகளில் ரயில்வே ஒற்றை வேகன் சரக்கைக் கைவிட்டு, ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்கும் முழு வரிசை வண்டிகளின் பக்கம் திரும்பியது. ரயில்வேக்கு அது லாபம், தேவையும்கூட. பஞ்சுக்கு ஒரு வேகன், மிளகாய்க்கு ஒரு வேகன், தீப்பெட்டிக்கு ஒரு வேகன் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கழற்றிக் கோத்துப் போன வண்டிக்கு அதோடு வேலை இல்லாமல் போனது. சின்ன ஊர்ச் சரக்கு லாரிக்கு மாறியது. பின்பு கரி எஞ்சின் போய் டீசல் வந்தது. மீட்டர் கேஜ் பெயர்க்கப்பட்டு 2004-இல் அகலப்பாதையில் ரயில் ஓடியது. மலைப்பாதையில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 2010-இல் பழைய வண்டி நின்று, 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. அந்தப் பாதையின் பதின்மூன்று கண் பாலம் இன்னும் நிற்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் சென்னையில் இறங்கும் வசதி எனக்கும் வேண்டியதுதான். வந்ததை நான் குறை சொல்லவில்லை. போனதற்கு ஒரு அடையாளம்கூட மிஞ்சவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சென்ற மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு விடியற்காலையில் போனேன். தண்டவாளத்தில் அதே பனி. ஒரு ரயில் வந்தது, நின்றது, கிளம்பியது. கிளம்பியதே தெரியவில்லை. பக்கத்து பெஞ்சில் கம்பளி சுற்றிய பெரியவர் ஒருவர் இருந்தார். பேச்சுக் கொடுத்தேன். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர்.

"அண்ணாச்சி, அப்ப இருந்த வேகன் எதாவது எங்கயாச்சும் நிக்குதா?"

"வேகனா? அத யாரு வப்பா தம்பி. எல்லாம் பழைய இரும்புக்குப் போயிருக்கும். எஞ்சினத்தான் வர்ணம் அடிச்சு நிறுத்துறாங்க. நாங்க எஞ்சினத் தொட்டதே கெடையாது. எங்க கைபட்டதெல்லாம் வேகன்தான்."

அவர் சொன்னதில்தான் நான் சொல்ல வந்தது முழுவதும் இருக்கிறது. எஞ்சினைத் தொட்டவர்கள் சிலர். டிரைவர், ஃபயர்மேன், ஃபிட்டர். வேகனைத் தொட்டவர்களோ ஒரு ஊர் முழுக்க இருந்தார்கள். பஞ்சு ஏற்றியவர், மிளகாய் மூட்டை புரட்டியவர், ஈயமுத்திரை நசுக்கியவர், அட்டை எழுதிய குமாஸ்தா, வாசலில் மாட்டுவண்டியோடு காத்திருந்தவர், சிந்திய தானியத்தைப் பொறுக்கிக் கூட்டிப்போன பெண்கள். எஞ்சினைக் காப்பது ஒரு இயந்திரத்தைக் காப்பது. வேகனைக் காப்பது ஒரு ஊரின் கைரேகையைக் காப்பது.

தமிழ்நாட்டில் இன்று மீட்டர் கேஜ் மிச்சமிருப்பது நீலகிரியில் மட்டும். அங்கே ஆண்டுக்கு ஒருநாளாவது பழைய சரக்கு வேகன்களைப் பூட்டி ஒரு வண்டி ஓட்டட்டும். மலை ஏறும் அந்த எஞ்சின் பாரத்தோடு என்ன பேசுகிறது என்று பிள்ளைகள் கேட்கட்டும். அது பெரிய காரியம், காலம் பிடிக்கும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நான் கேட்பது சின்னக் காரியம். இன்னொரு எஞ்சினை வண்ணம் பூசி ஸ்டேஷன் வாசலில் நிறுத்த வேண்டாம். எங்காவது ஒரு யார்டில் துருப்பிடித்துக் கிடக்கும் மீட்டர் கேஜ் சரக்கு வேகன் ஒன்றைத் தேடிக் கொண்டுவாருங்கள். இரண்டு தண்டவாளத் துண்டின்மேல், கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். கதவு திறந்திருக்கட்டும். உள்ளே 170 கிலோவில் ஒரு பஞ்சுப் பொதி இருக்கட்டும். கொக்கி ஒன்று பக்கத்தில் தொங்கட்டும். வருகிற பிள்ளை அதை மாட்டி ஒருமுறை தள்ளிப் பார்க்கட்டும்.

கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவர்களும் ஃபயர்மேன்களும் கார்டுகளும் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியை இயக்கி வைத்து, பேசச் சொல்லுங்கள். எங்கள் மாமாவிடம் நான் அதைச் செய்யவில்லை. அவர் போய்விட்டார்.